‘இளைஞனே எழு!’ – எழுந்து நின்றவர்களை எழுதாத கவிதைகள்

திருகோணமலை மாவட்டத்து முஸ்லிம் இளைஞர்கள் எழுதும் கவிதைகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். பிரதேச சாகித்திய விழா, மீலாத் விழா, தமிழ்மொழித் தினப் போட்டி என்று நடுவராக அழைக்கப்படும்போது கட்டுக்கட்டாக வந்து சேர்பவை ஒருபுறம். ‘ஒருக்கா பாத்துத் தாங்க சேர்’ என்று கொப்பியைக் கையில் திணித்துவிட்டுப் போகும் பிள்ளைகளின் எழுத்து மறுபுறம். கிண்ணியா, மூதூர், தோப்பூர், தம்பலகாமம், நிலாவெளி, புல்மோட்டை என்று ஊர்கள் வேறு வேறு. கவிதை மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். அதன் முதல் வரியிலோ மூன்றாவது வரியிலோ ஓர் இளைஞன் தூங்கிக்கொண்டிருப்பான். கவிஞர் அவனை எழுப்புவார்.

இந்த இளைஞனை நான் நன்கு அறிவேன். அவனுக்குப் பெயர் இல்லை, தொழில் இல்லை, வாப்பா உம்மா இல்லை. அவன் உறங்கும் இடம் எது என்பதும் தெரியாது. அவனுக்குச் சொல்லப்படும் பழம்பெருமை முழுவதும் தூரத்தில் இருக்கிறது: பத்ர் களம், பக்தாதின் நூலகம், கொர்தோபாவின் தெருவிளக்கு, ஜிப்ரால்டரில் இறங்கிய தாரிக். இவையெல்லாம் பெருமைக்குரியவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நான் கேட்பது வேறு. கொட்டியாரக் குடாவின் கரையில் பிறந்த ஒரு பிள்ளை தன் சமூகத்தின் பெருமையை எழுத உட்காரும்போது அதன் கண்ணில் கொட்டியாரக் குடா ஏன் படவில்லை?

இக்கேள்வியை இப்போது எழுப்பக் காரணம் உண்டு. 2019 ஏப்ரலுக்குப் பின்னர் எமது பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் தம்மை விளக்கிச் சொல்லவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். உடையை விளக்க வேண்டியிருந்தது. பெயர்ப்பலகையை விளக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் அறபு எழுத்துள்ள பலகைகள் பல ஊர்களில் கழற்றப்பட்டன. அதன்பின் வந்த கவிதைக் கட்டுகளில் இரண்டு வகையைக் கண்டேன். ஒன்று, நாமும் இந்நாட்டின் பிள்ளைகளே என்று கெஞ்சும் கவிதை. மற்றது, நாம் யார் தெரியுமா என்று நெஞ்சை நிமிர்த்தும் கவிதை. குரல் வேறு என்றாலும் இரண்டுமே வெளியே நிற்கும் ஒருவனைப் பார்த்துப் பேசுகின்றன. தன் ஊரைப் பார்த்துப் பேசிய கவிதை மிகச் சிலதான்.

ஊரைப் பார்த்துப் பேசினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளலாம். குறிஞ்சாக்கேணி, மாஞ்சோலைச்சேனை, பெரியாற்றுமுனை, காக்காமுனை, குட்டிக்கராச்சி, நடுத்தீவு, சூரங்கல், வெள்ளைமணல், இறக்கக்கண்டி. கேணியும் சேனையும் முனையும் தீவும் மணலும் கொண்டு கட்டப்பட்ட பெயர்கள். இந்த நிலத்தில் கிணறு தோண்டியவனும் காடு வெட்டிச் சேனை செய்தவனும் அலையைப் பார்த்துத் தோணி கட்டியவனும் வைத்தவை. அண்மைக் காலத்தில் நாம் வைத்த பெயர்களோ பைசல் நகர், இக்பால் நகர் என்று பெரியார்களை நினைவுகூர்வன. அதில் பிழை காண்பது என் நோக்கமல்ல. ஆயினும் ‘நீ எங்கிருந்து வந்தாய்’ என்று எவராவது எமது பிள்ளையைக் கேட்டால் அதற்கான பதில் முதல் வகைப் பெயர்களில்தான் இருக்கிறது. அந்தப் பதிலை எழுதும் பிள்ளையை நான் தேடுகிறேன்.

வெள்ளைமணலை அடுத்த கரிமலையூற்றுப் பள்ளிவாசல் 2009 முதல் இராணுவத்தின் பிடிக்குள் இருந்தது. அது தரைமட்டமாகிக் கிடப்பது 2014 ஆகஸ்டில் ஊராருக்குத் தெரியவந்தது. அதைத் தொடர்ந்து வந்த கவிதைகளில் பாபரி மஸ்ஜித் இருந்தது, அல்-அக்ஸா இருந்தது. கரிமலையூற்று என்ற சொல் என் கைக்கு வந்தவற்றில் இரண்டே இடத்தில் இருந்தது; அதுவும் தலைப்பின் கீழே, அடைப்புக்குறிக்குள். கரிய மலை, அதன் அடியில் ஊறும் நீர், அந்த நீரில் வுழூ செய்து தொழுதவர்கள் என்று ஒரு முழுக் கவிதையே அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அயோத்திவரை போய்த்தான் எமக்குத் துயரம் எடுத்து வரவேண்டுமா?

பலஸ்தீனக் கவிதைகளைப் படித்துத்தான் எமது பிள்ளைகள் இவ்வாறு எழுதுகிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அரை உண்மை. எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’ 1981 இல் வெளிவந்தது. ஈழத்துத் தமிழ்க் கவிதையில் அந்நூல் ஏற்படுத்திய அதிர்வு சாதாரணமானதல்ல. ஆனால் நாம் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டோம்? கோபத்தை எடுத்துக்கொண்டோம், பொருள்களை விட்டுவிட்டோம். மஹ்மூத் தர்வீஷ் பிறந்த அல்-பிர்வா கிராமம் 1948 இல் இல்லாமற் போனது. அப்போது அவருக்கு ஏழு வயது. அந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் எழுதியது ஒலிவ மரத்தை, கிணற்றை, உம்மாவின் ரொட்டியை, கோப்பியை. இழந்த ஊரைச் சொல்லால் திரும்பக் கட்டியவர் அவர். எமக்கு ஊர் காலடியில் கிடக்கிறது. நாமோ அவருடைய ஒலிவ மரத்தை இரவல் வாங்கி எமது முற்றத்தில் நட்டுவிட்டு, அங்கே நிற்கும் வேம்பையும் பனையையும் மறந்துபோகிறோம்.

இதற்கெல்லாம் பிள்ளைகளைக் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. இந்தக் கவிதையின் அச்சு கவியரங்கில் வார்க்கப்பட்டது. மேடையில் வாசிக்கப்படும் கவிதைக்குக் கைதட்டு வேண்டும். கைதட்டு வேண்டுமானால் ஒவ்வொரு பந்தியும் ஓர் அறைகூவலில் முடியவேண்டும். அறைகூவலுக்கு ஒருவன் தேவை. அவன்தான் அந்தத் தூங்கும் இளைஞன். அத்துடன் போட்டித் தலைப்புகளும் மேலிருந்து வருகின்றன: ‘இளைஞர் எழுச்சி’, ‘நாளைய தலைவர்கள்’, ‘எமது பண்பாடு எமது பெருமை’. இப்படித் தலைப்பைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையிடம் குறிஞ்சாக்கேணியை எதிர்பார்ப்பது எப்படி? கிண்ணியாவின் கவிஞர் அண்ணல் போன்ற முன்னோடிகளின் காலத்தில் மேடைக் கவிதைக்கு ஒரு தேவை இருந்தது. பாடசாலைக்குப் போகாத ஒரு சமூகத்தைத் தட்டி எழுப்பவேண்டியிருந்தது. இன்று அந்தச் சமூகத்தின் பெண் பிள்ளைகள் பல்கலைக்கழக விடுதிகளில் இரவிரவாகக் கண்விழித்துப் படிக்கிறார்கள். அவர்களைப் பார்த்து விழித்தெழு என்று பாடினால் அவர்கள் சிரிக்கமாட்டார்களா?

இனி, எழுந்தவர்களைப் பற்றிப் பேசுவோம்.

2004 டிசம்பர் 26 இல் கடல் கிண்ணியாவுக்குள் வந்து வைத்தியசாலையையும் கொண்டுபோனது. அன்று மையித்துகளைத் தூக்கியவர்கள், குளிப்பாட்டியவர்கள், குழி வெட்டியவர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பொடியன்கள். எவரும் அவர்களைத் தலைவர் என்று அழைக்கவில்லை. அடுத்தது 2006 ஆகஸ்ட். மூதூர் யுத்த முனையானது. பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தஞ்சமடைந்திருந்த சனம் ஷெல்லடிக்குள் கால்நடையாகப் புறப்பட்டது. கிராந்திமுனையில் புலிகள் இளைஞர்களை வேறாகப் பிரித்தெடுத்த அந்த நேரத்தை நினைவில் வைத்திருக்கும் உம்மாமார் இன்றும் மூதூரில் இருக்கிறார்கள். கந்தளாயை அடைந்தவர்களுக்கு அண்டா வைத்துச் சமைத்தவர்கள், குழந்தைகளுக்குப் பால்மா தேடி அலைந்தவர்கள், யார் எந்த முகாமில் என்று கொப்பியில் பெயர் எழுதியவர்கள் என்று எத்தனையோ இளம் முகங்கள். அந்தக் கொப்பி ஒன்றை எவராவது பாதுகாத்து வைத்திருந்தால் அது எமது இலக்கியத்தின் மிக முக்கியமான பிரதியாக இருந்திருக்கும்.

அதே நாட்களில், அதே மூதூரில், ஏ.சி.எப். எனும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் அவர்களது அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கடற்கோளால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் குடிநீரும் மலசலகூடமும் அமைத்துக் கொடுக்கும் வேலை செய்தவர்கள். 13 ஆண்கள், 4 பெண்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். பெரும்பாலோர் இளவயதினர். இன்றுவரை அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. சமூகத்துக்காக உழைக்கும் இளைஞர் என்று எமது தலைப்புகள் கேட்கின்றனவே, அந்தத் தலைப்புக்கு இந்த மண்ணில் இதைவிடப் பொருத்தமானவர்கள் யார்? மூதூர் இடப்பெயர்வைப் பற்றி நான் வாசித்த கவிதைகளில் எமது துயரம் நிறைய இருந்தது. அது இருக்கத்தான் வேண்டும். பக்கத்து வளவில் கிடந்த அந்த 17 பேர் இருக்கவில்லை. அவர்களுள் எமது பிள்ளையும் ஒருவர் கிடந்தார் என்பதுகூட இருக்கவில்லை. இதைச் சொல்வதால் சிலருக்கு மனவருத்தம் ஏற்படலாம். எமது இழப்பைப் பிறர் எழுதவில்லை என்று முறையிடும் நாம் இந்தக் கணக்கையும் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

மறுபுறத்தில், எமக்கு முன்னே ஒரு முன்மாதிரி இருந்தது. மூதூர் வ.அ. இராசரத்தினம் (1925–2001) எமது மதத்தவர் அல்லர், எமது ஊரவர். அவரது ‘தோணி’ சிறுகதைத் தொகுதி 1962 இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. தலைப்புக் கதையில் ஓர் ஏழைக் கடற்றொழிலாளியின் மகன் தனக்கென்று ஒரு தோணி வேண்டும் என்று ஏங்குகிறான். அவ்வளவுதான். எழு, விழி என்று எவரும் அவனுக்குச் சொல்வதில்லை. ஆனால் அந்த ஏக்கத்துக்குள் கூலிக்கு வலை இழுப்பவனின் முழு வாழ்வும், தோணி உடையவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையிலான முழுத் தூரமும் வந்துவிடுகின்றன. கதையை வாசித்து முடித்த எந்த மூதூர்ப் பிள்ளையும், அது தொழும் பிள்ளையானாலும் கோயிலுக்குப் போகும் பிள்ளையானாலும், தன் கரையை வேறு கண்ணால் பார்க்கும். பண்பாட்டுப் பெருமை என்று நான் சொல்வது இதைத்தான். அந்தக் கரையில் அதே காற்றில் தோணி விட்ட முஸ்லிம் கடற்றொழிலாளியின் ‘தோணி’யை எழுத எம்மிடமிருந்து அதே உயரத்தில் ஒருவர் வந்தாரா என்று கேட்டால், தயங்கித்தான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

தலைமைத்துவம் என்ற சொல்லையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். பயிற்சிப் பட்டறைகளில் அடிபட்டு அடிபட்டு அச்சொல் இப்போது வெளிறிப் போய்விட்டது. எமது சனத்தின் வாயில் தலைமைக்கு இருந்த சொற்கள் எல்லாம் வேலையின் பெயர்கள். தோணியை நடத்துபவன் தண்டையல்: கச்சான் எப்போது திரும்பும், வாடை எப்போது இறங்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தவறினால் உயிர் போகும். வயலில் வட்டவிதானை: யாருடைய வரவைக்கு எப்போது தண்ணீர் என்பதை அவன் தீர்மானிப்பான், பக்கஞ் சாய்ந்தால் மண்வெட்டி தூக்குவார்கள். பள்ளிவாசலில் மரைக்கார்: கணக்கைச் சபையில் வைக்கவேண்டும். பொறுப்பும் பழியும் சேர்ந்தே வரும் பதவிகள் இவை. எமது கவிதையில் வரும் தலைவனுக்கோ எந்தப் பொறுப்பும் இல்லை; அவன் முன்னே நடப்பான், கொடி பிடிப்பான், வெற்றி பெறுவான். ஒரு தண்டையலை எழுதிப் பாருங்கள். அதில் தலைமை, அறிவு, பயம், பசி எல்லாம் தாமாக வந்து சேரும்.

1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. அதே ஆண்டில், யுத்தகாலப் பஞ்சத்தைச் சமாளிக்கவென்று கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். அப்போது அவருக்கு வயது 30. நெல் விளைவிக்கச் சொல்ல வந்த அதிகாரி அவர். விவசாயிகளுடன் பழகியதோடு நில்லாது அவர்களது கிராமியக் கவிகளையும் காது கொடுத்துக் கேட்டார். அவற்றின் மதிப்பைப் பிறருக்கு எடுத்துரைத்தார். பின்னர் 1945 இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். அதன் மூலம் படித்தவர்கள் ஏராளம். சமூகத்தை முன்னேற்றுவதும் அதன் பாட்டைக் கேட்பதும் அவருக்கு ஒரே வேலையின் இரு பகுதிகள். பிற்காலத்தில் நிந்தவூர் எஸ். முத்துமீரான் தன் சட்டத்தொழிலுக்கிடையில் கிழக்கின் முஸ்லிம் கிராமங்களில் அலைந்து நாட்டார் பாடல்களையும் பழமொழிகளையும் திரட்டினார். அந்தப் பணி பெரும்பாலும் தென்கிழக்கை மையமாகக் கொண்டது. எமது பக்கத்துப் பரண்களில் காவலிருந்தவர்கள் பாடியதும், கரைவலை இழுத்தவர்களின் அம்பாவும், பாய் இழைத்த பெண்களின் கவியும் எவருடைய கைத்தொலைபேசியிலாவது பதிவாகியிருக்கின்றனவா? ஒவ்வொரு ஜனாஸாவுடனும் ஒரு தொகுதி அடங்கிக்கொண்டிருக்கிறது. நூறு கவி தெரிந்த மூத்தம்மாவை வீட்டில் வைத்துக்கொண்டு பேரப்பிள்ளை போட்டிக்காகக் கொர்தோபாவைத் தேடுகிறது.

மார்க்க அறிஞர் சிலருக்கு இந்தக் கவிகளில் தயக்கம் உண்டு என்பதை அறிவேன். மச்சானும் மச்சியும் பேசிக்கொள்ளும் பாட்டுகள் அல்லவா என்பார்கள். பாடுங்கள் என்று நான் எவரையும் வற்புறுத்தவில்லை. பதிவு செய்யுங்கள் என்கிறேன். எமது பெண்கள் எவ்வளவு கூர்மையாகத் தமிழ் பேசினார்கள் என்பதற்கான சாட்சியம் அவை.

நம்பிக்கை தரும் பக்கமும் உண்டு. 2007 இல், யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், திருகோணமலையிலிருந்து எஸ்.ஆர். தனபாலசிங்கம் ‘நீங்களும் எழுதலாம்’ என்ற கவிதைச் சஞ்சிகையைத் தொடங்கினார். பெயரிலேயே அதன் கொள்கை இருந்தது. பெரிய பெயர் எதுவும் கேட்காமல் புதியவர்களுக்கு இடங்கொடுத்த இதழ். ஒரு சிறுசஞ்சிகைக்கு இருக்கக்கூடிய எல்லாக் குறைகளும் அதற்கும் இருந்தன. ஆனாலும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே தாளின் இரு பக்கத்தில் எழுதக்கூடிய வாய்ப்பை இந்த மாவட்டத்தில் அது உண்டாக்கியது. இவ்வாறான தாள்கள் இன்னும் வேண்டும். பரிசும் பொன்னாடையும் குறைவாக, பக்கங்கள் அதிகமாக.

இறுதியாக ஒரு சொல்லைப் பற்றி. ஆற்றையோ களப்பையோ கடக்க உதவும் மிதவையை எமது பக்கத்தில் ‘பாதை’ என்போம். வெளியூரார் இதைக் கேட்டுக் குழம்புவார்கள். ஒரு காலத்தில் திருகோணமலையிலிருந்து கரையோரமாக மூதூருக்குப் போவதென்றால் பாதை பாதையாக ஏறி இறங்கவேண்டும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது ஒரு பாதையின் காலம் முடிந்தது. ஆனால் பக்கத்திலேயே குறிஞ்சாக்கேணியில், பழைய பாலத்தை உடைத்துப் புதிதாகக் கட்டத் தொடங்கியிருந்த 2021 இல், பிள்ளைகள் மறுபடியும் பாதையில் ஏறினார்கள். நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர்கள் உட்பட 6 பேர் அன்றே மவுத்தானார்கள். அலறல் கேட்டுத் தண்ணீரில் குதித்தவர்கள் கரையில் நின்ற ஊரவர்கள். உடுத்த சாரனுடன் குதித்தவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

அதற்குப் பிந்திய போட்டி ஒன்றில் வந்த கட்டில், எதிர்பார்த்தபடியே, இளைஞன் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரேயொரு தாள் வேறாக இருந்தது. க.பொ.த. சாதாரண தரம் படிக்கும் ஒரு மாணவி எழுதியது. அதில் எவரும் எழுப்பப்படவில்லை. தண்ணீரில் இருந்து எடுத்துக் கரையில் வரிசையாக வைத்த புத்தகப் பைகளைப் பற்றி மட்டும் எழுதியிருந்தாள்: எந்தப் பையில் எந்த நிறச் சாப்பாட்டுப் பெட்டி, எந்தக் கொப்பியின் உறையில் பெயர் கரைந்து போயிருந்தது, ஒவ்வொரு பையாக ஈரம் பிழிந்த ஓர் அண்ணன் எந்தப் பைக்கு மேல் கையை எடுக்காமல் நின்றான் என்று. சந்தம் இல்லை, இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை. சக நடுவர் ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில செய்தி எங்க இருக்கு?” என்று கேட்டார். நான் கொடுத்த புள்ளி தனித்து நின்றது. மூன்றாம் இடமும் கிடைக்கவில்லை. பிரதியை அதிபர் மூலமாகக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பிள்ளையின் உம்மாவிடம் பிரசுரிக்க அனுமதி கேட்டுச் சொல்லியனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.